எல்லையில் நிற்பவர்கள்

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் பெருஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்ததும் தமிழ்நாட்டின் எல்லைக்குள் முதலில் எதிர்ப்படுவது ஜூஜுவாடி. 2017 ஜூலை 1ந் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வரும் வரையில், வணிக வரிச் சோதனைச் சாவடியை வைத்தே வெளியூரார் இவ்வூரை அறிந்திருந்தனர். லாரிகளின் அந்த நீண்ட வரிசை மறைந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வரிசை அங்கே வளர்ந்து நிற்கிறது. சிப்காட் பேட்டையின் ஆலைகளில் வேலை பார்க்கும் முப்பது, முப்பத்தைந்து வயது மனிதரிடம், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த வைத்தியர், "பார்டரில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். கேட்டவரும், "பார்டர்தானே, வியாதி இல்லையே" என்று மகிழ்ந்து, வெளியே வந்ததும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ அருந்திவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறார். எல்லையோரத்தில் வாழ்வோருக்கு எல்லை இன்னதென்று நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அது தங்கும் இடமன்று. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும் வழி. அவ்வழியில் திரும்பி வரவும் முடியும் என்பதையே இன்று நாம் வற்புறுத்த விரும்புகிறோம்.

நீரிழிவுக்கு முந்திய இந்நிலையை வைத்தியர்கள் இலக்கங்களால் வரையறுத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரமேனும் ஒன்றும் உண்ணாதிருந்து காலையில் எடுக்கும் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்குச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் கவலையில்லை. 126 ஆகிவிட்டால் நீரிழிவு. இடைப்பட்டது எல்லை நிலை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், 140க்குக் கீழே இருப்பது நலம். 200 ஆனால் நீரிழிவு. நடுவே உள்ளது எல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் நூற்றுக்கு 5.7 முதல் 6.4 வரை எல்லை. இலக்கங்கள் இவ்வளவே. உடம்பினுள் நடப்பதையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. கணையம் சுரக்கும் இன்சுலின், தசைகளின் கதவைத் திறந்து ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே புகுத்துகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து, தசைக்கு உழைப்பும் இல்லாமற்போனால், அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது. அந்த அதிக உழைப்பினால் சில வருஷ காலம் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே தோன்றும். பிறகு கணையம் களைத்துவிடும். இதில் வலியில்லை, ஜுரமில்லை, தாகமுமில்லை. பரிசோதித்தாலன்றி யாரும் அறிய வழியில்லை.

இது செல்வர்களின் வியாதி என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில், சென்னை நிபுணர்கள் முன்னின்று நடத்திய தேசமளாவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன் மதிப்புப்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர் 10 கோடியே 10 லட்சம் பேர். எல்லை நிலையில் உள்ளவர் 13 கோடியே 60 லட்சம் பேர். வியாதியஸ்தர்களைக் காட்டிலும் வியாதியின் வாசலில் நிற்பவர்களே அதிகம். இவர்களில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேர் வெளியே திரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே, இன்னும் இருபது வருஷத்தில் நம் ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகம் கெட்டவர்களும், பார்வை மங்கியவர்களும், கால் இழந்தவர்களும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது முடிவாகும்.

ஓசூர்ச் சீமையின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1970களில் சிப்காட் பேட்டை எழுவதற்கு முன்பு இது கேழ்வரகும் அவரையும் துவரையும் விளைந்த மேட்டுநிலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் குடியானவர்கள் களியும் கீரைக் குழம்பும் உண்டு, விடிந்தது முதல் அடையும் வரை நிலத்தில் நடந்தவர்கள். அவர்களின் பேரன்மார் இன்று ஓடும் பட்டையின் முன் எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நிற்கிறார்கள், அல்லது ஒரு நாற்காலியில் அமர்ந்து கருவிகளைக் கண்காணிக்கிறார்கள். வீட்டிலிருந்து ஆலைக்கு மோட்டார் சைக்கிள். ஆலையில் அரிசிச் சோறு குவியலாக, காய் ஒரு கரண்டி. நடுவிலே பேக்கரிப் பலகாரம். இரவு ஷிப்டு முடிந்தால் பரோட்டா. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டுப் பத்து கிராம் சர்க்கரை. நாளுக்கு ஐந்து டீ குடிப்பவர் டீயிலேயே நாற்பது, ஐம்பது கிராம் உட்கொள்கிறார். சேர்த்துண்ணும் சர்க்கரை முழுவதுமே சுமார் 25 கிராமுக்குள் அடங்குவது உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. போதாக்குறைக்கு இரவு வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறினால் உறக்கம் மட்டும் கெடுவதில்லை. எந்த நேரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற உடம்பின் சொந்தக் கணக்கும் குழம்பிவிடுகிறது. பல்லாண்டுகள் மாறி மாறி இரவு வேலை பார்த்தவர்களுக்கு நீரிழிவு அதிகமாக வருகிறதென்று வெளிநாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இங்கே ஒரு வார்த்தை. களிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடைகளில் பேசுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. கேழ்வரகு நல்ல தானியமே. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட அதில் அதிகம். ஆயினும் அதிலும் மிகுதியாக இருப்பது மாவுப் பொருள்தான். பாட்டனாரைக் காத்தது களி மட்டுமன்று, அவர் நடந்த நடையும் ஆகும். பேரன் நாற்காலியில் அமர்ந்துகொண்டு பாட்டனார் உண்ட அளவு களி உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இதைவிட வருந்தத்தக்க விஷயம், ஓசூர்த் தாலுகாவில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் பீன்ஸும் வண்டியேறிப் பெரிய நகரங்களுக்குப் போய்க்கொண்டிருக்க, அவை விளையும் மண்ணிலேயே நிற்கும் ஆலைகளில் தொழிலாளியின் தட்டில் காய் ஊறுகாய் அளவுக்குச் சுருங்கிவிட்டதாகும்.

திரும்பி வர முடியும் என்றோம். அதற்குச் சான்று தேடி அயல் தேசம் போக வேண்டியதில்லை. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளியாயிற்று. எல்லை நிலையிலிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் 35 முதல் 55 வயது வரையுள்ள, வேலைக்குப் போகும் மத்தியதர வகுப்பினர். நான்கு கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான புத்திமதி மட்டும்; இன்னொன்றுக்கு உணவு, நடை இரண்டிலும் இடைவிடாத வழிகாட்டுதல்; மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை; நான்காவதற்கு இரண்டும். மூன்று வருஷத்தில் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நம்மவர் எவ்வளவு வேகமாக எல்லையைக் கடக்கிறார்கள் என்பதற்கு இந்த ஓர் இலக்கம் போதும். உணவும் நடையும் திருத்திய கூட்டத்தில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. மாத்திரை உண்டவர்களில் ஏறக்குறைய 40. இரண்டையும் செய்தவர்களிலும் அதே அளவுதான். மாத்திரை சேர்த்ததால் அதிக நன்மை விளையவில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் மனத்தைக் கவர்ந்த விசேஷம் ஒன்றுண்டு. நன்மை அடைந்தவர்கள் என்ன மலையைப் புரட்டினார்கள்? நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தார்கள். சர்க்கரையையும் தீட்டிய அரிசியையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ளவற்றைக் கூட்டினார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு வேலை பார்ப்பவர்களிடம் அதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. சொல்லப்போனால் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்கபடி குறையக்கூட இல்லை. இருந்தும் வியாதி தடைப்பட்டது. மெலிந்தால்தான் பயன் என்று மலைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், உணவும் உடற்பயிற்சியும் திருத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் விகிதம் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் பலன் அதைவிடக் குறைவுதான். ஆனால் எல்லையில் நிற்பவர் தொகை கோடிக்கணக்கில் இருக்கும்போது குறைந்த பலனும் லட்சக்கணக்கான குடும்பங்களைக் காக்கும்.

வழிகாட்ட நிபுணர்கள் கிடைப்பார்களா என்று கேட்கலாம். அதே டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். எல்லாரும் எல்லை நிலையினர். பாதிப் பேருக்குக் கைப்பேசியில் உணவையும் நடையையும் பற்றிய சிறு செய்திகளை அடிக்கடி அனுப்பிவந்தார்கள். இரண்டு வருஷத்தில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு வந்தது. ஷிப்டு மாற்றத்தையும் வராத நாட் கணக்கையும் தொழிலாளியின் கைப்பேசிக்கு அனுப்பும் ஆலை நிர்வாகத்துக்கு இது பாரமாகுமா?

ஆனால் யாருக்கு வழிகாட்டுவது என்று முதலில் தெரிய வேண்டும். சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டு 5ந் தேதி தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளியில்தான். 2024இல் அது தொழிற்சாலைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வருஷத்திலேயே ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் விருதையும் பெற்றது. மனமாரப் பாராட்டுகிறோம். என்றாலும் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, உண்ட நேரத்தைப் பாராமல் செய்யும் பரிசோதனை, முற்றிய நீரிழிவைப் பிடிக்க ஏற்றதேயன்றி எல்லை நிலையைப் பிடிக்க ஏற்றதன்று. காலை ஆகாரத்துக்கு முன் 90 காட்டும் மனிதருக்கு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 170 காட்டக்கூடும். அவரிடம் "உமக்குச் சர்க்கரை இல்லை" என்று சீட்டுக் கொடுப்பது, பரிசோதிக்காமல் இருப்பதைவிடத் தீங்கானது. அவர் ஐந்து வருஷம் நிம்மதியாக உறங்குவார்.

குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் காத்திருப்பது ஊர் முழுவதற்கும் நடக்கிற காரியமா என்று அதிகாரிகள் ஆட்சேபிப்பார்கள். நம் நாட்டுக் கர்ப்பிணிகளை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! டாக்டர் வி. சேஷய்யாவின் முயற்சியால் 2007 முதலே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ரத்தம் பார்க்கும் முறை ஏற்பட்டது. பெண்களுக்கு முடிந்தது ஆண்களுக்கு முடியாதா? எல்லாருக்கும் வேண்டுவதுமில்லை. சென்னை டாக்டர் வி. மோகனும் சகாக்களும் 2005இல் வகுத்த அபாயக் கணக்கொன்று உண்டு. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு இருந்ததா என்ற நான்கைக் கொண்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவது. தையற்காரர் நாடா ஒன்று போதும். அறுபதும் அதற்கு மேலும் பெற்றவர்களை மட்டும் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அழைக்கலாம். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் அபாயக் குறி என்பதை வாசகர்கள் இன்றே வீட்டில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, பிரசவத்தோடு மறைந்த பெண்கள் பின்னாளில் நீரிழிவுக்கு ஆளாவது மிக அதிகம். அவர்களை வருஷந்தோறும் அழைத்துச் சென்று பார்ப்பது வீட்டு ஆண்மக்களின் கடமை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமை பற்றி 2020இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. வருஷாந்தர தேகப் பரிசோதனையை முதலாளி தம் செலவில் செய்விக்க வேண்டும் என்கிறது அது. எந்த வயதினருக்கு, என்ன பரிசோதனை என்பதை உரிய சர்க்கார் விதிகளால் நிர்ணயிக்க விட்டிருக்கிறது. மத்திய சர்க்கார் வெளியிட்ட விளக்கம் 40 வயதுக்கு மேற்பட்டோர் என்று பேசுகிறது. இந்த நாற்பது எங்கிருந்து வந்தது? 2000ஆம் வருஷத்தில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை, கல்கத்தா, டில்லி ஆகிய ஆறு நகரங்களில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வில், நாற்பது வயதுக்கு உட்பட்டோரில் நீரிழிவு உள்ளவர் நூற்றுக்கு 4.6 பேர், எல்லை நிலையில் இருந்தவரோ 12.8 பேர். அதாவது, தடுக்கக்கூடிய கூட்டம் நாற்பதுக்குக் கீழேதான் நிற்கிறது. நாற்பதில் கதவைத் திறக்கும் சட்டம், பலருக்கு வியாதியைத் தடுக்க அல்ல, வந்துவிட்டதென்று சான்று கொடுக்கவே உதவும். மத்திய சர்க்காரின் சொந்தச் சுகாதாரத் திட்டமே முப்பது வயதிலிருந்து பரிசோதிக்கச் சொல்லும்போது, தொழிற்சட்டம் பத்து வருஷம் பின்தங்குவானேன்? தனியார் ஆலைகளைப் பொறுத்தவரையில் விதி செய்யும் அதிகாரம் ராஜ்ய சர்க்காருடையது. முப்பது வயது என்றும், குளுக்கோஸ் பரிசோதனையும் உண்டு என்றும் எழுத அதற்குத் தடையேதுமில்லை.

விதி வந்தால் மட்டும் போதாது. பரிசோதனைக்குக் கை நீட்டத் தொழிலாளி அஞ்சுகிறான். அந்த அச்சம் மூடத்தனமன்று. சீட்டு நிர்வாக அறைக்குப் போய், "இவன் வியாதிக்காரன்" என்று குறிக்கப்பட்டால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமற் போகலாம். நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் விடுபடலாம். காண்டிராக்டரின் கீழ் வேலை பார்ப்பவனுக்கு அந்தக் காரணத்தை யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே முடிவு தொழிலாளியின் கையிலும் வைத்தியர் கையிலும் மட்டும் இருக்க வேண்டும். ஆலைக்குத் தெரிய வேண்டியது எத்தனை பேர் என்ற தொகை. யார் யார் என்ற பெயரன்று. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து, ஓரறையில் ஆறு பேராகத் தங்கி உழைக்கும் இளைஞர்களுக்கு அவர்கள் பாஷையில் சீட்டு வேண்டும். ஜூஜுவாடியில் குடியிருந்து, எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்ப்பவர் பலர். அவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. வீடு தேடி வரும் தமிழ்நாட்டு ஊழியர் அவர்களைக் காணார். வேலை செய்யும் இடத்துப் பரிசோதனை ஒன்றே அவர்களை எட்டும்; அதற்கு இரு ராஜ்ய அதிகாரிகளும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

ஆரோக்கியமாக இருப்பவனை வியாதியஸ்தன் என்று பெயரிட்டு மருந்து விற்பதற்கான சூழ்ச்சி இது என்று சிலர் கூறுகிறார்கள். ஆகாரத்துக்கு முந்திய அளவின் கீழ் எல்லையை அமெரிக்கச் சங்கத்தார் 2003இல் 110லிருந்து 100க்கு இறக்கியதும், உலக சுகாதார ஸ்தாபனம் 110லேயே நின்றுவிட்டதும் உண்மையே. எல்லையில் நிற்பவர் எல்லாரும் நீரிழிவுக்குப் போவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் நாம் கேட்பது மருந்தன்று. அரை மணி நடைக்கும் ஒரு கரண்டி காய்க்கும் எந்தக் கம்பெனியும் விலைச்சீட்டு ஒட்ட முடியாது. முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் ஐம்பது வகைச் சோதனைகளைக் கட்டாகக் கட்டி விற்கும் வியாபாரத்தையும், சர்க்கரையை வேரோடு அறுக்கும் என்று பஸ் நிலையத்தில் விற்கும் பொடியையும் நாம் ஒரே தட்டில்தான் வைக்கிறோம்.

நடக்கச் சொல்வது எளிது. எங்கே, எப்போது நடப்பது? லாரிகள் பறக்கும் பெருஞ்சாலையோரத்தில் விடியற்காலையில் நடக்கச் சொல்வது ஆபத்தை விலைக்கு வாங்கச் சொல்வதாகும். ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. ஜூஜுவாடி அதனுள் அடங்கியது. ஏரிக்கரையையும் சிப்காட் உட்சாலைகளின் ஓரங்களையும் விளக்குப் போட்டு நடைபாதையாக்குவது கவுன்ஸிலர்கள் மனம் வைத்தால் ஆகும் காரியம். ஆலைகளோ இரண்டைச் செய்யலாம். ஷிப்டு மாற்றங்களை அடிக்கடி தாறுமாறாகப் போடாமல் ஒழுங்குபடுத்துவது ஒன்று. காண்டீன் மற்றொன்று. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட ஆலைக்குக் காண்டீனைக் கட்டாயமாக்கி, அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் கொடுத்தது. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை, காண்டிராக்ட் தொழிலாளரையும் சேர்த்து, 100 ஆகக் குறைத்திருக்கிறது. இத்தனை காலமும் காண்டீன் கமிட்டிகளில் நம் தோழர்கள் விலைக்காகவே வாதாடினார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதற்காக வாதாடியவர்கள் சிலரே.

சிப்காட் யூனியன் தலைவர்களுக்கு ஆகவே நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது, பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் கீழே நான்கு வரிகள் சேருங்கள்: முப்பது வயது முதல், காண்டிராக்ட் தொழிலாளர் உட்பட அனைவருக்கும், வேலை நேரத்திலேயே, சம்பளப் பிடிப்பின்றி, குளுக்கோஸ் பரிசோதனை; முடிவு தொழிலாளிக்கு மட்டும்; சாப்பாட்டுத் தட்டில் சோற்றில் பாதி அளவுக்கேனும் காய்; சர்க்கரை போடாத டீ தனிக் குவளையில், வேண்டுவோர் தாமே போட்டுக்கொள்ளத் தேக்கரண்டியோடு.